எண்ணூரின் சாட்சிகள் அழிகின்றன... ஒவ்வொரு வீடியோவாக!

காட்டுக்குப்பம் படகுத்துறையில் அந்தத் தம்பி போனைப் பாலிதீன் கவருக்குள் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, சட்டைக்குள் வைத்திருந்தார். படகில் ஏறுமுன் வலையைப் பார்க்கவில்லை. நெஞ்சைத் தடவி போன் இருக்கிறதா என்று பார்த்தார். 2023 டிசம்பரில் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் படர்ந்தபோது, படமெடுத்து ஊரெல்லாம் பரப்பிய பையன்களில் இவரும் ஒருவர்.

“அந்த வீடியோவைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி” என்றேன்.

“அது இல்லண்ணா. அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“போன் ஃபுல்லுனு காட்னுச்சு. அக்கா கொயந்தைக்குக் காதுகுத்து, எடம் வேணும். எதை அழிக்கலாம்னு பாத்தா, ஆத்து வீடியோதான் நெறைய கெடந்துச்சு.”

யாரும் எட்டிப் பார்க்காத ஊர்களின் குறைகளைக் கைப்பேசி எப்படி ஊரறியச் செய்கிறது என்று எழுதத்தான் எண்ணூருக்குப் போனேன். அதைப் பற்றி எழுத நிறையவே இருக்கிறது. ஆனால், அந்தத் தம்பி சாதாரணமாகச் சொன்ன பதில் இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த டிசம்பரின் மிக்ஜாம் புயல் நாள்களை நினைத்துப்பாருங்கள். பால் இல்லை, கரன்ட் இல்லை, வேளச்சேரியில் படகு ஓடுகிறது... சென்னையின் பேச்செல்லாம் அதுதான். நகரத்தின் வடகோடியில், எண்ணூரில், வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்புயரத்துக்குக் கறுப்புக் கோடு. முகத்துவாரத்தில் கூழைக்கடாக்கள் சிறகு ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. குளிக்கிற பிளாஸ்டிக் மக்கால் மீனவர்கள் எண்ணெயை மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள், வெறுங்கையால். சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியதாக வான்வழி ஆய்வுக்குப் பின் கணக்கு வந்தது. அந்தக் கணக்கு வரும் முன்பே மக்கும் டிரம்மும் லட்சக்கணக்கான போன்களுக்குள் போய்விட்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று நிவாரணம் அறிவித்தார்கள். போதுமா என்றால் போதாது. ஆனால், வீடியோ இல்லாத காலத்தில் இதே ஆற்றில் நடந்தவற்றுக்கு இதுகூடக் கிடைத்ததில்லை என்கிறார்கள் பெரியவர்கள்.

அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடும் அந்தக் காட்சிகளை விடிவதற்குள் தமிழ்நாடே பார்த்துவிட்டது. அதன்பின் சுற்றுவட்டார மீனவ கிராமங்கள் சேர்ந்து நூறு நாள்களுக்கு மேல் உட்கார்ந்து போராடின. பந்தல் போட்டவர்கள் ஊர்க்காரர்கள்தான். ஆனால், பந்தலுக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்ததற்குப் போன்தான் காரணம்.

எண்ணூர் இந்தக் கருவியை அன்றுதான் கண்டுபிடித்ததா என்றால் இல்லை. 2017 ஜனவரி நினைவிருக்கும். மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டம் அப்போதுதான் அடங்கியிருந்தது. மாதக் கடைசியில் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல்கள் மோதி, கரையெங்கும் தார் போல எண்ணெய். கல்லூரிப் பிள்ளைகள் வாளி வாளியாக அள்ளினார்கள். அந்த வாளியின் படம் உலகம் சுற்றியது. அதே மாதம் பொங்கலையொட்டி வெளியானது ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. சபாவில் கேட்டுப் பழகிய கர்நாடக சங்கீதக் குரல், சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, சென்னைத் தமிழில் பாடியது. வசவாகப் புழங்கிக்கொண்டிருந்த ‘புறம்போக்கு’ என்கிற சொல், எல்லோருக்கும் பொதுவான நிலம் என்கிற தன் பழைய பொருளுக்குத் திரும்பியதை நான் ஒரு பெரிய வெற்றியாகவே நினைக்கிறேன். அந்த அக்டோபரில் ஒரு திரை நட்சத்திரம் ட்வீட் போட்டுவிட்டு, விடியற்காலையில் நேரிலேயே வந்து ஆற்றைப் பார்த்தார். கேமராக்கள் பின்னாலேயே வந்தன.

இதுவரை எல்லாம் சரி.

எண்ணெய் கறுப்பாக இருக்கிறது, பளபளக்கிறது, பறவையின் மேல் ஒட்டுகிறது. பார்த்தவுடன் நெஞ்சு பதறும். சாம்பல் அப்படியில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலை நீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்களிலிருந்து வருடக்கணக்கில் ஒழுகி, ஆற்றின் அடியில் படிந்துகொண்டே இருப்பது அது. மேலே தண்ணீர் தண்ணீராகத்தான் தெரியும். சூரியன் மறையும் நேரத்தில் அழகாகக்கூட இருக்கும். அடியில் காலை வைத்தால் சேற்றுக்குப் பதிலாக மாவு போல ஒன்று விரலிடுக்கில் வழியும். இதை எப்படிப் படமெடுப்பது? எடுத்தாலும் யார் பகிர்வார்கள்?

‘காக்கா ஆழி’யும் அப்படித்தான். தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு கறுப்பு மட்டி. கப்பல்கள் எடை சமன்செய்ய வயிற்றில் நிரப்பிவந்து இங்கே கொட்டும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒன்றோடொன்று நூல் விட்டுப் பின்னிக்கொண்டு, ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் படர்கிறது. இறால் சேற்றில் புதைந்து வாழும் பிராணி. சேற்றின் மேல் பாய் விரித்துவிட்டால் அது எங்கே போகும்? மஞ்சள் மட்டியும் அதோடு போயிற்று. எந்த ஆய்வுக்கூடமும் சொல்லும் முன்பே இதற்குப் பெயர் வைத்துவிட்டவர்கள் மீனவர்கள். காலில் வெட்டுப்பட்டவர்கள் அவர்கள்தானே.

வெட்டு அதிகம் படுவது, கையால் இறால் தடவும் பெண்களுக்கு. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறியில் போடுவார்கள். பறி என்பது ஓலையில் முடைந்த சிறு கூடை. அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். கரையேறிய ஓர் அம்மாவிடம், “நீங்க இதையெல்லாம் வீடியோ எடுக்கலையாம்மா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கையி ரெண்டும் தண்ணியில தம்பி. வாயில பறி. எத்த வெச்சிப் புடிக்கிறது போனை?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள், சில ஆறியவை, சில அன்றையவை. பறியில் இறால் அடிப்பாகம்கூட மறையாத அளவுக்குத்தான் இருந்தது. எண்ணூரிலேயே இந்த ஆற்றை அங்குல அங்குலமாகத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். இவர்கள் எடுத்த ஒரு வீடியோகூட என் கண்ணில் பட்டதில்லை.

ஆக, வலைத்தளப் போராட்டம் என்று நாம் கொண்டாடுவது, ஒரே நாளில் வெடிப்பதைத்தான் காட்டுகிறது. ஒரு சமூகத்தைப் பத்து வருடம் சிறுகச் சிறுகத் தின்பதைக் காட்டுவதில்லை. அதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைப்பது. அதற்குப் பழைய படம் வேண்டுமே?

1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடம் ஒன்று உண்டு. அதில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதியாகத் தெளிவாக இருக்கிறது. பிற்பாடு புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணவில்லை. வெட்டவெளிச்சமாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறு காகிதத்தில் இல்லை! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய பழைய வரைபடம்தான் அன்று எண்ணூர்க்காரர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம். ஏதோ ஓர் அலமாரியில் அது பத்திரமாக இருந்ததால்தான் கிடைத்தது. காகிதம் இருபது வருடம் இருந்தது. நம் வீடியோக்கள் இரண்டு வருடம் தாங்கவில்லை.

ஒரு வீடியோ எப்படிச் சாகிறது என்று விசாரித்துப் பார்த்தேன். முதல் சாவு, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே. படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடம், எடுத்த நேரம் ஆகிய குறிப்புகள் கழன்றுவிடுகின்றன. படமும் சுருங்கி மங்குகிறது. இரண்டாவது, பார்வேர்டு. பத்துக் கை மாறியதும் இது எண்ணூரா, வேறெந்த ஊரா, இந்த வருடமா, போன வருடமா என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்கிற அந்த ஒரு வரி. விலை குறைந்த போன்களில் அது வாரத்துக்கொரு முறை வரும். நான்காவது, போனே தண்ணீரில் விழுவது. ஆற்றில் பிழைப்பவர் போனுக்கு ஆயுள் எவ்வளவு? துறையில் கேட்ட ஆறேழு பேரில் ஒருவரிடம்கூட 2017-ல் வைத்திருந்த போன் இல்லை. அதிலிருந்த படங்களும் பெரும்பாலும் இல்லை.

வழக்கு என்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க, முன்பு இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் சான்றிதழ் கேட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 63-வது பிரிவு. எந்தக் கருவியில் எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். மூலக் கோப்பும் மூலப் போனும் இல்லாதவர் எதை எழுதுவார்? லட்சம் பேர் பார்த்த வீடியோவாக இருக்கலாம். நீதிபதி முன்னால் அது ஊர்ப் பேச்சு ஆகிவிடும்.

இதெல்லாம் களத்தில் இறங்கிப் போராடுகிறவர்களுக்குத் தேவையில்லாத கவலை, வீடியோவால் எதுவும் மாறாது, தெருவில் உட்கார்ந்தால்தான் மாறும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தெருவில் உட்கார்பவருக்கும் கையில் ஆதாரம் வேண்டும் என்பேன் நான்.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தேதியையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் படத்தின் மேலேயே பொறிக்கிற இலவச கேமரா செயலிகள் இருக்கின்றன. நூறு நாள் வேலைத் தளத்திலேயே இப்படி நேரமும் இடமும் பதிந்த படங்களை எடுத்தார்கள். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் சுருங்காது, பெயரும் மாறாது. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே மூலையில் நின்று ஒரே படம். பிறகு ஊருக்கு ஒரு ஹார்டு டிஸ்க். யாருக்கு எந்த நாளில் எந்த இடத்தில் வலை என்று முறை வைத்து, கணக்கெழுதிப் பிழைத்த பழவேற்காடு, எண்ணூர்க் கரைகளுக்கு ஒரு பெட்டியைப் பத்திரப்படுத்தத் தெரியாதா? கோயில் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இதையும் கொடுக்கலாம். லைக்குக்காகச் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். எண்ணூரை மட்டுமல்ல, கல் குவாரிப் பக்கத்து ஊர்களை, சாயத் தண்ணீர் ஓடும் ஊர்களை, குப்பைமேட்டு ஓரத்துத் தெருக்களை எல்லாம் கேட்கிறேன்.

கிளம்பும்போது அந்தத் தம்பி எதையோ நினைத்துக்கொண்டு போனைத் துழாவினார். “ண்ணா, இது ஒண்ணு இருக்குது பாருங்க. அழிக்க மனசு வர்ல.”

நாற்பது விநாடி வீடியோ. அவருடைய அப்பா ஆற்றுக்கு நடுவே நின்று வலையை உதறுகிறார். யாரோ கிண்டல் செய்ய, சிரிக்கிறார். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேலே. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். போராட்டத்துக்காக எடுத்த படமல்ல, வீட்டுக்காக எடுத்தது.

“இது எந்த எடம்?”

கையை நீட்டிக் காட்டினார். அங்கே இரண்டு சிறுவர்கள் நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அவர்கள் முட்டியைத் தொடவில்லை.

“இப்ப வத்தமா இருக்கலாமே தம்பி?”

“இல்லண்ணா, ஏத்தந்தான். வத்தத்துல வந்தீங்கன்னா திட்டே தெரியும்.”

எனக்கு அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது. கோப்பின் பெயரைப் பார்த்தேன். அவர் போனில் அந்தப் பெயரில் 2016 ஆகஸ்ட் என்று இருந்தது. என் போனில் அன்றைய தேதி.

“தம்பி, டாக்குமென்ட்டா அனுப்புங்க.”

“அது எப்பிடிண்ணா?”

அவர் போனை வாங்கிக் காட்டிக்கொடுத்தேன். கவர் ஈரமாக இருந்தது. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே மேலே அந்த வரி வந்தது, இடம் இல்லை என்று. அவர் எதையோ இரண்டை அழித்தார். என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.