எலுமிச்சைப்புல் செய்யும் பொன் முக்கோணம்

எம்.எஸ்ஸி. படிக்கும் மகளைப் பற்றி மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். திட்டப்பணிக்காக அந்தப் பெண் வேப்பிலையைக் கொதிக்கவைத்து வெள்ளித் துகள் எடுக்கிறாளாம். “எதற்கு என்று கேட்டால் பயோசென்சர் என்கிறாள். வேப்பிலைக்கும் நோய் கண்டுபிடிக்கும் கருவிக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிறார்.

நெருங்கிய சம்பந்தம்தான். பயோசென்சருக்கு இரண்டு வேலை. தேடும் பொருளை மட்டும் இனம்கண்டு பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டேன் என்று நமக்குத் தெரிவிக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி பிடிக்கிறது, மின்னோட்டம் சேதி சொல்கிறது. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் பிடிப்பது ஆன்டிபாடி. சேதி சொல்லும் அந்தச் சிவப்புக் கோடு, பல அட்டைகளில், நானோ தங்கம்.

தங்கம் சிவக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1857-லேயே எழுதிவைத்தார். தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸ் சேர்த்து மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் செய்தார். அதில் உப்பு போட்டால் நீலமாவதையும் பார்த்தார். துகள்கள் விலகி விலகி நிற்கும்வரை சிவப்பு. நெருங்கி ஒட்டிக்கொண்டால் ஊதா, நீலம். துகளின் மேற்பரப்பு எலெக்ட்ரான்கள் எந்த நிற ஒளியோடு சேர்ந்து அதிர்கின்றன என்பது அந்த நெருக்கத்தைப் பொறுத்து மாறுவதுதான் காரணம். ஒரு கிருமியின் டி.என்.ஏ. வந்து துகள்களைச் சேர்த்துக் கட்டுமாறு செய்துவிட்டால், நிறம் மாறுவதை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்தத் துகளைச் செய்ய ஃபாரடேக்குப் பாஸ்பரஸ் தேவைப்பட்டது. பின்னால் வந்தவர்கள் சிட்ரேட்டுக்கு மாறினார்கள். இலை அதே வேலையைச் செய்கிறது. கழுவி நறுக்கிய வேப்பிலையைக் காய்ச்சி வடித்த நீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தச் சாற்றைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் விடுவார்கள். வெளிர் மஞ்சள் மெல்லக் கறுத்துப் பழுப்பாகும். இலையிலுள்ள பாலிஃபீனால் போன்ற பொருட்கள் வெள்ளி அயனிக்கு எலெக்ட்ரான் கொடுத்து உலோகமாக்குகின்றன. உருவான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி மேலே ஒரு போர்வையையும் போர்த்திவிடுகின்றன. இப்படிக் கிடைத்த வெள்ளித் துகளைப் பாதரசம் கலந்த தண்ணீரில் விட்டால், பாதரச அயனி வெள்ளியைக் கரைக்க, நிறம் வெளுக்கும். குடிநீரைச் சோதிக்க இதைவிட எளிய யோசனை எனக்குத் தெரியவில்லை.

நான் மனதைப் பறிகொடுத்தது வேம்பிடம் அல்ல, எலுமிச்சைப்புல்லிடம். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004-ல் அந்தப் புல்லின் சாற்றைத் தங்க உப்புக் கரைசலில் சேர்த்தது. நுண்ணோக்கியில் உருண்டைகளோடு முக்கோணங்கள் தெரிந்தன. தட்டையான, மெல்லிய, கூர்முனைத் தங்க முக்கோணங்கள்! அச்சு கிடையாது, உலை கிடையாது, சாதாரண அறை வெப்பம்தான். முதலில் உருண்டைத் துகள்கள்தான் பிறக்கின்றன. சாற்றிலுள்ள ஆல்டிஹைடு, கீட்டோன் வகைப் பொருட்கள் அவற்றின் மேல் ஒட்டி, அவற்றைத் திரவம்போல இளக்கிவிடுகின்றன, இளகியவை ஒன்றோடொன்று கூடுகின்றன என்று அந்தக் குழு விளக்கியது. எங்கள் வீட்டு ரசத்தில் மிதக்கும் நெய்ச் சொட்டுகள் ஒன்றையொன்று தொட்டதும் கூடிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தங்கம் ஞாபகம் வரும். நெய் கூடினால் வட்டம்தான். தங்கமோ கூடியபின் படிகமாக இறுகி முக்கோணமாகிறது. உருவம் மாறியதும் குணமும் மாறுகிறது: உருண்டைத் தங்கம் பச்சை ஒளியை விழுங்கும், முக்கோணம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை விழுங்கும். அடுத்த ஆண்டே அதே ஆய்வகம் புளிய இலைச் சாற்றிலும் தங்க முக்கோணம் எடுத்தது. அவற்றின் மேல் மெத்தனால் போன்றவற்றின் ஆவி பட்டால் மின்னோட்டம் மாறுவதை அளந்தும் காட்டியது. அது வாயு சென்சர்தான், பயோசென்சர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சாலையோரப் புளிய மரத்தை அதன்பின் வெறும் மரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி என் ஆதங்கம். புனே குழுவின் அந்த ஆய்வுகளுக்குப் பிறகு துளசி, கற்றாழை, முருங்கை என்று தோட்டத்திலுள்ள அத்தனை இலையும் கொதிக்கவைக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலும் நிறம் மாறியதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. கடினமான வேலை அதற்கப்புறம்தான் இருக்கிறது. சிட்ரேட் தங்கத்தைத் தளர்வாகத்தான் பற்றியிருக்கும். ஆன்டிபாடி வந்தால் இடம்விடும். இலைச் சாறு போர்த்திய போர்வையில் என்னென்ன மூலக்கூறு இருக்கிறது என்பதே பல சமயம் தெரியாது. அதன்மேல் ஆன்டிபாடியை எப்படி உட்கார வைப்பது? சித்திரையில் பறித்த வேப்பிலையும் ஐப்பசியில் பறித்ததும் ஒரே சாறு தருவதில்லை. மண் மாறினாலும் சாறு மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுத் துகள் கிடைக்காவிட்டால் அந்த சென்சரை நம்பி யார் மருந்து எழுதுவார்கள்? எந்த மரம், எந்த மாதம், தளிரா முற்றலா என்று குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். சுத்தமான ஆய்வகத் தண்ணீரில் பாதரசத்தைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாமல், உப்பும் பாசியும் கலந்த ஏரித் தண்ணீரிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாதவரை இலையின் திறமை ஆய்வேட்டைத் தாண்டாது.

பசுமை முறை என்ற பெயரும் என்னை உறுத்துகிறது. இலை பசுமைதான், சில்வர் நைட்ரேட் பசுமையில்லை. வெள்ளி அயனி மீனுக்கும் நீரிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் நஞ்சு. மகளிடம் ஒன்று சொல்லுங்கள், அம்மா. சோதனை முடிந்ததும் மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். அதில் உப்புக் கரைசல் விட்டால் வினைபுரியாமல் தங்கிய வெள்ளி, சில்வர் குளோரைடாக வெள்ளையாய் அடியில் இறங்கும். வடிகட்டி, பெயர் எழுதிய பாட்டிலில் சேர்த்துவைத்துக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.