குடலும் நாடித் துடிப்பும்



சரக்கெடுக்க வந்த சில்லறைக் கடை நண்பர் ஒருவர் விளம்பரச் சீட்டு ஒன்றை நீட்டினார். குடலில் நல்ல கிருமிகள் பெருகினால் இதயப் படபடப்பு தீரும் என்று அச்சடித்திருந்தது. "அண்ணாச்சி, இந்தப் பொடியை வாங்கி வைக்கலாமா?" என்றார். நம் கோரிமேட்டில் ஜிப்மர் இருப்பதால் நோயாளிகளின் உறவினர்கள் நம் கடைகளுக்குத்தான் வருகிறார்கள். ஆகவே இதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குவதை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்கிறார்கள். நாடி தாளம் தப்பி ஓடும். மேலறையில் இரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ 5 மடங்கு. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன், மது, பழுதான வால்வு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

குடல் எங்கே வந்தது? நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான கணக்கு கூறுகிறது. பெரும்பாலானவை பெருங்குடலில்தான். நமக்குச் செரிக்காத நார்ச்சத்தை அவை புளிக்க வைத்து, குடல் சுவரைக் காக்கும் அமிலங்களைத் தருகின்றன. முட்டை மஞ்சள் கரு, ஆட்டிறைச்சி ஆகியவற்றிலுள்ள சில சத்துகளையோ வேறு பொருளாக மாற்றுகின்றன. கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. ஆக்குகிறது. இதற்கும் இதய நோய்க்கும் தொடர்புண்டு என்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2011-ல் எழுதினார்கள். பிறகு வந்த சில ஆய்வுகள் தாளக் கோளாறோடும் தொடர்பு கண்டன. ஆனால் கடல் மீனில் அதே பொருள் இயற்கையாகவே இருக்கிறது! மீனை யாரும் இதயத்துக்கு எதிரி என்று சொல்லவில்லை.

பொங்கலுக்கு வெல்லமும் விற்கிறது, கரும்பும் விற்கிறது. வெல்லம் விற்றதால்தான் கரும்பு விற்றது என்போமா? இதுவும் இப்போதைக்கு அந்த நிலையில்தான் இருக்கிறது. பொடி தின்றால் தாளம் சீராகும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

கேழ்வரகு, கம்பு, கொள்ளு, பயறு, பட்டை தீட்டாத அரிசி ஆகியவற்றைத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உப்பு அதிகம். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருந்தின் வேகம் மாறிவிடும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுகளுக்கு முன் குடோனில் மூட்டை எண்ணும்போது நெஞ்சு படபடத்தது. வாயு என்று நினைத்து ஒரு வாரம் ஓமத் தண்ணீர் குடித்தே காலம் தள்ளினேன். ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 53-ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நண்பர் அந்தச் சீட்டைக் கடையில் ஒட்டவில்லை. பொடியையும் எடுக்கவில்லை, இரண்டு மூட்டை கேழ்வரகு ஏற்றிக்கொண்டு போனார்.