குடத்தில் கை விடும் கணினி

உத்திரமேரூரில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பத்து நிமிடம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "பட்டா போன்லதானே இருக்கு? வாட்ஸ்அப்ல மூணு புள்ளியத் தொடுங்கண்ணே. லிங்க்டு டிவைசஸ். அப்படியே இந்தக் கட்டத்து மேல காட்டுங்க."

காட்டிய இரண்டு நொடியில், போனில் இருந்த உரையாடல்கள் கடைக்காரரின் கணினித் திரையில் வரிசை கட்டி நிற்கும். பட்டா பிரிண்டருக்குப் போகும். அந்த இரண்டு நொடியில் நடந்தது என்ன?

கியூஆர் கோடு எனப்படும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் நம் பாஸ்வேர்டு இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்டத்தை உருவாக்கியது கணினி. அது தனக்கென இரண்டு சாவிகளைச் செய்துகொள்கிறது. ஒன்றை ஊருக்குக் காட்டலாம். மற்றொன்று கணினியை விட்டு வெளியே போகாது. வெளிச்சாவியும், இந்த ஒருமுறைக்கு மட்டுமான ஒரு ரகசியமும் கட்டத்தில் இருக்கின்றன. போன் அதை கேமராவால் நேரடியாகப் படித்துக்கொள்வதால், நடுவில் இருக்கும் சர்வருக்கு அந்த ரகசியம் தெரியாது. பிறகு கணினியின் சாவிக்குப் போனும், போனின் சாவிக்குக் கணினியும் டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன.

2015இல் வாட்ஸ்அப் வெப் வந்தபோது கணினி வெறும் கண்ணாடி. போனில் இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். 2021க்குப் பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி. உங்களுக்கு ஒரு போனும் ஒரு கணினியும் இருந்தால், அனுப்புகிறவரின் போன் ஒரே செய்தியை இரண்டு தனிப் பூட்டுகள் போட்டு அனுப்புகிறது.

வெளியே போகாத அந்த ரகசியச் சாவி என்பது ஓர் எண். 256 பிட், அதாவது சுமார் 78 இலக்கம். யாரும் ஊகிக்க முடியாத எண்ணாக அது இருந்தாக வேண்டும். சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் அப்படி ஓர் எண்ணுக்கு எங்கே போகும்? 1995இல் நெட்ஸ்கேப் பிரவுசர், கடிகார நேரத்தையும் கணினிக்குள் ஓடும் நிரல்களின் வரிசை எண்களையும் கலந்து சாவி செய்தது. பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும் அதை ஊகித்து உடைத்துக் காட்டினார்கள். பூட்டு பலமானதுதான். குடத்தில் ஓலை குறைவு.

குடம் என்றதும் உத்திரமேரூர்க்காரர்களுக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் நினைவுக்கு வந்திருக்கும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன. 30 குடும்புகளிலிருந்தும், அதாவது வார்டுகளிலிருந்தும், தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புக்கு ஒரு கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் இட்டுக் குலுக்கி, மறுபடியும் ஓர் ஓலை எடுக்கச் சொல்வார்கள். வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். ஓலையை ஒளித்து மாற்ற இடமே இல்லை.

இன்றைய விண்டோஸும் லினக்ஸும் இப்படி ஒரு குடத்தை ஓயாமல் குலுக்கிக்கொண்டே இருக்கின்றன. விசை தட்டும் இடைவெளி, மவுஸின் அசைவு, சிப்புக்குள் எழும் மின் இரைச்சல் எல்லாம் அதில் விழும் ஓலைகள். விரித்த விரல்களுக்கும் இங்கே இடம் உண்டு. பூட்டும் முறை ஊரறிய இருக்கலாம், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்று 1883இலேயே எழுதினார் மறையாக்க அறிஞர் ஓகுஸ்ட் கெர்க்காஃப்ஸ். வாட்ஸ்அப் பயன்படுத்தும் சிக்னல் நெறிமுறையும் எல்லோரும் படித்துப் பார்க்க வெளியிடப்பட்டதுதான்.

இவ்வளவு கவனமாகச் செய்த சாவியை நாம் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். பிரவுசரை மூடினால் மட்டும் வெளியேறியதாகாது. சாவி அந்தக் கணினியிலேயே இருக்கும். போனில் அதே லிங்க்டு டிவைசஸ் பட்டியலைத் திறந்து, கடைக் கணினியின் பெயரைத் தொட்டு, லாக் அவுட் கொடுக்க வேண்டும். இன்காக்னிட்டோ விண்டோவில் திறக்கச் சொல்வது இன்னும் நல்லது. மூடியதும் சாவி அழிந்துவிடும். ஆனால் பிரிண்டுக்காக இறக்கிய பட்டா டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சர்வே எண்ணோடு அப்படியே கிடக்கும். அதையும் அழிக்கச் சொல்லுங்கள்.

வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரை மறுபடி குடத்தில் இடக் கூடாது என்கிறது அந்தக் கல்வெட்டு. காசைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும் முன் நாமும் ஒரு கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறது.