தனித்தனியா ஓகே, சேர்த்தா எரர்: அசெம்பிளி மெஷ் எங்கே சிக்குகிறது?

ஒவ்வொரு பாகத்துக்கும் மெஷ் அழகாக விழுகிறது. எல்லாவற்றையும் சேர்த்து அசெம்பிளி ஆக்கியதும் திரையில் சிவப்பு எழுத்து. காரைக்குடி அழகப்பா பொறியியல் கல்லூரியாக இருந்தாலும் சரி, சென்னை கார் கம்பெனியாக இருந்தாலும் சரி, சிமுலேஷன் மென்பொருளைத் தொட்டவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஏன் இப்படி?

மெஷ் என்றால் என்ன?

ஆத்தங்குடி கல் பதித்த செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் நடுவில் முழுக் கற்கள் வரிசையாக உட்கார்ந்துவிடும். தூணைச் சுற்றியும் சுவர் ஓரத்திலும்தான் வெட்ட வேண்டிவரும். மெஷ்ஷும் அப்படித்தான். பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளின் மூலைகள் எவ்வளவு நகர்கின்றன என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. அதிலிருந்துதான் தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், கிடைக்கிறது.

அசெம்பிளி என்பது இரண்டு அறைகள் சேரும் வாசல்படி மாதிரி. இந்த அறைக் கல்லின் கோடு அந்த அறைக் கோட்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், 'இந்த இரண்டு முகமும் ஒட்டியிருக்கு' என்று கான்டாக்ட் கொடுத்து நாம்தான் சொல்ல வேண்டும்.

தவறு எங்கே?

பல நேரம் மெஷ்ஷில் இல்லை, வரைந்த மாடலில் இருக்கிறது. இரண்டு தகடுகளின் விளிம்புகள் 0.01 மி.மீ. விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முகங்களை இணைக்கும்போது அதே அகலத்தில் ஒரு கீற்று மிச்சமாகும். அதில் ஒழுங்கான துண்டு எதுவும் உட்காராது.

உடனே பலர் செய்வது, மெஷ் அளவைக் குறைப்பது. பாதியாகக் குறைத்தால் முப்பரிமாணத்தில் துண்டுகள் சுமார் 8 மடங்கு ஆகும். லேப்டாப் ஃபேன் கதறும், சிவப்பு எழுத்து மட்டும் போகாது. அதற்குப் பதில் பாகங்களில் பாதியை அணைத்துவிட்டு மெஷ் போட்டுப் பாருங்கள். ஓடினால் சிக்கல் மறுபாதியில். இப்படியே பாதி பாதியாகப் போனால் சில சுற்றுகளில் குற்றவாளி சிக்கிவிடும். போல்ட் மரை, பொறித்த லோகோ, தேவையில்லாத குட்டி வளைவுகளைத் தூக்கினாலே பாதி வேலை முடிந்தது.

ஓடிவிட்டால் சரியா?

இல்லை. உண்மையில் இங்கேதான் பயப்பட வேண்டும். ஒரு கான்டாக்ட் விட்டுப்போயிருந்தாலும் மெஷ் விழும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எங்கேயும் பிடித்து வைக்காமல் அதிர்வெண் கணக்கை ஓட்டுங்கள். ஒரே பொருளாக ஒட்டியிருந்தால் பூஜ்யத்துக்கு நெருக்கமாக ஆறு அதிர்வெண்கள் வரும். ஏழாவதும் பூஜ்யமா? ஏதோ ஒன்று கழன்று கிடக்கிறது. அனிமேஷனைப் போட்டால் அந்தப் பாகம் தனியாக மிதப்பது தெரியும்.

இணைப்பில் மெஷ் மோசமானால் என்ன ஆகும் என்பதற்கு நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடை சாட்சி. அதன் கான்கிரீட் அடித்தளம் 24 அறைகள் கொண்டது. அறைகள் சேரும் முக்கோண இடத்தில் மெஷ் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தது. விளைவு, வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டது. போதிய கம்பி வைக்கப்படவில்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று சோதனைக்காக நீரில் இறக்கியபோது சுவர் பிளந்து முழுதாக மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை. நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். பிறகு கவனமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில். அதாவது மென்பொருளுக்கு விடை தெரிந்திருந்தது, கேட்ட விதம்தான் தப்பு.

அதனால் ரிசல்ட் வந்ததும் இணைப்புப் பகுதியில் மட்டும் மெஷ்ஷைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். தகைவு பெரிதாக மாறாவிட்டால் நம்பலாம். குறைக்கக் குறைக்க ஏறிக்கொண்டே போனால், அது பெரும்பாலும் கூரான உள்மூலையாக இருக்கும். முன்பு தூக்கிப்போட்டோமே, அந்தக் குட்டி வளைவு, அந்த ஒரு மூலையில் மட்டும் அதைத் திரும்ப வரைந்துவிட்டு ஓட்டுங்கள்.