வரி பத்தி போன்ல சர்வே வருதா? 1-ஐ அழுத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



"வரிச் சீர்திருத்தம் உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2-ஐ அழுத்தவும்."

தேர்தல் நெருங்க நெருங்க இந்த மாதிரி பதிவு செஞ்ச குரல் நம்ம போனுக்கு வந்துக்கிட்டே இருக்கும். ஆபீஸ் அவசரத்துல ஏதோ ஒரு நம்பரை அழுத்திட்டுப் போயிடுவோம். கொஞ்ச நாள் கழிச்சு டிவியில "இத்தனை சதவீதம் பேர் ஆதரவு"னு விவாதம் ஓடும். அதைப் பார்த்து "அப்போ நமக்கும் லாபம்தான் போல"னு நாமளே முடிவு பண்ணிக்குவோம்.

அந்த சதவீதத்துக்கும் உங்க சம்பள ஸ்லிப்புக்கும் சம்பந்தம் இருக்கான்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

ஒரே கேள்வி, மூணு பேர், மூணு பதில்

2025 பட்ஜெட்ல புதிய வரி முறையோட ஸ்லாப் மாறுச்சு. "12 லட்சம் வரை வரி இல்லை"ங்கிற செய்தி எல்லாருக்கும் தெரியும். சம்பளக்காரங்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்றதால, இது 12.75 லட்சம்.

இப்போ மூணு பேரை எடுத்துக்குவோம். மூணு பேருக்கும் சம்பளம் மட்டும்தான் வருமானம், மூணு பேருமே புதிய முறைதான். 2024-25 நிதியாண்டு வரியையும் 2025-26 வரியையும் செஸ்ஸோட சேர்த்து ஒப்பிடுவோம்.

- வருட சம்பளம் 6 லட்சம்: முன்னாடி வரி 0, இப்பவும் 0. மிச்சம் எதுவும் இல்லை.
- 9 லட்சம்: முன்னாடி 33,800 ரூபாய், இப்போ 0. மிச்சம் 33,800.
- 14 லட்சம்: முன்னாடி 1,09,200, இப்போ 81,900. மிச்சம் 27,300.

கவனிச்சீங்களா? 6 லட்சம் வாங்குறவருக்கு ஏற்கனவே 7.75 லட்சம் வரை வரி கிடையாது. அதனால இந்த அறிவிப்புல அவருக்குப் புதுசா எதுவும் கிடைக்கலை. 9 லட்சக்காரருக்கு 14 லட்சக்காரரை விட அதிக மிச்சம். காரணம், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால அவருக்கு முழு வரித் தள்ளுபடி கிடைக்குது.

ஜிஎஸ்டிக்கு வாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு வரி 28-ல இருந்து 18 சதவீதமாச்சு. வரிக்கு முந்தைய விலை 80,000-னா, 8,000 ரூபாய் மிச்சம். சோப்பு, ஷாம்பு, டூத்பேஸ்ட்டெல்லாம் 18-ல இருந்து 5. வருமான வரியில ஒண்ணும் கிடைக்காத 6 லட்சக்காரருக்கு இங்கே கிடைக்குது. ஆனா பைக் வாங்குற வருஷத்துல மட்டும்தான் அந்த 8,000!

தனிநபர் ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு 18 சதவீதம் போய் பூஜ்யம் ஆயிடுச்சு. ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அதனால புதுப்பிக்கும்போது அடிப்படை பிரீமியம் ஏறியிருக்கான்னு பழைய ரசீதோட வெச்சுப் பாருங்க.

ஆக, மூணு பேரும் 1-ஐ அழுத்தினாலும் காரணம் மூணு. சர்வேயில அது ஒரே சதவீதமாத்தான் வரும்.

யார்கிட்ட கேட்டாங்க?

எங்க ஒடுகத்தூர்ல வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அன்னைக்கு வந்தவங்ககிட்ட மட்டும் "விலை எப்படி?"னு கேட்டுட்டு, அதுதான் சுத்துப்பட்டு மக்களோட கருத்துன்னு சொன்னா சரியா? மேல பீஞ்சமந்தையில இருந்து இறங்காதவங்க கணக்குலயே வரமாட்டாங்களே!

போன் சர்வேயிலயும் இதே சிக்கல்தான். எடுத்துப் பேசினவங்க கருத்து மட்டும்தான் கணக்குல வரும். அமெரிக்காவுல பியூ ரிசர்ச் நிறுவனத்தோட போன் சர்வேக்கு 1997-ல 36 சதவீதம் பேர் பதில் சொன்னாங்க. 2018-ல அது வெறும் 6 சதவீதம். 1,000 பேர் சாம்பிள்னா "பிழை 3 சதவீதம்தான்"னு போடுவாங்க. போனை எடுக்காதவங்களால வர்ற பிழை அந்த 3-ல சேராது.

எண்ணிக்கை பெருசா இருந்தாலும் இது சரியாகாது. 2022 ஜனவரியில பஞ்சாப்ல ஆம் ஆத்மி கட்சி, முதல்வர் வேட்பாளர் யாருன்னு போன் வழியா கருத்துக் கேட்டுச்சு. 21 லட்சத்துக்கு மேல பதில். அதுல 93 சதவீதம் பகவந்த் மானுக்கு. தேர்தல்ல அந்தக் கட்சி ஜெயிச்சதும் உண்மை. ஆனா அந்த 93 சதவீதம், தானா முன்வந்து பதில் சொன்னவங்களோட சதவீதம். பஞ்சாப் வாக்காளர்கள்ல 93 சதவீதம்னு அதைப் படிக்கக் கூடாது.

எப்படிக் கேட்டாங்க?

"வரியைக் குறைக்கலாமா?"னு கேட்டா யார் வேண்டாம்னு சொல்வாங்க? "வரியைக் குறைச்சா அரசு ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் பணம் குறையும், பரவாயில்லையா?"னு கேட்டா கொஞ்சம் யோசிப்போம். இன்னும் சில அழைப்புகள் கேள்வி மாதிரி ஆரம்பிச்சு, எதிர்க்கட்சியைத் திட்டி முடியும். அது சர்வே இல்லை, பிரசாரம்.

நம்ம துறையிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி ரிட்டர்ன்கள்ல 5.27 கோடி புதிய முறையில வந்துச்சு. "72 சதவீதம் பேர் புதிய முறையை விரும்புறாங்க"னு பேசினாங்க. ஆனா 2023-24 நிதியாண்டுல இருந்து, நீங்க எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா தானாவே புதிய முறைதான். கணக்குப் போட்டு மாறினவங்களும் இதுல உண்டு, சும்மா விட்டவங்களும் உண்டு. நீங்க இதுல எந்த வகை? வீட்டு வாடகைப் படி, வீட்டுக் கடன் வட்டி, 80சி இருக்கிறவங்க ஒரு தடவை ரெண்டு முறையிலயும் கணக்குப் போட்டே ஆகணும்.

உங்க கருத்து எங்கே எடுபடும்?

புதிய வருமான வரிச் சட்டத்துக்காக வருமான வரித்துறை இ-ஃபைலிங் தளத்துல பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேட்டுச்சு. 20,976 ஆலோசனைகள் வந்துச்சு. 2025 பிப்ரவரி 13-ல மசோதா மக்களவைக்கு வந்து, பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழுவுக்குப் போச்சு.

அந்த முதல் மசோதாவுல, கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டாத்தான் ரீஃபண்ட்னு ஒரு விதி இருந்துச்சு. கம்பெனி டிடிஎஸ் பிடிச்சிருக்கு, நீங்க ஒரு வாரம் தாமதமா ரிட்டர்ன் போடுறீங்கன்னா பணம் போச்சு! குழு அதை நீக்கச் சொல்லுச்சு. ஆகஸ்ட்ல நிறைவேறின திருத்தப்பட்ட மசோதாவுல அந்த விதி இல்லை. இந்தச் சட்டம் அமலாகுற தேதி 2026 ஏப்ரல் 1.

யோசிச்சுப் பாருங்க. "புதிய சட்டத்தை ஆதரிக்கிறீர்களா? 1 அல்லது 2" கேள்வியில இந்த ரீஃபண்ட் விஷயத்தைச் சொல்ல இடமே இல்லை. எந்த விதி, அதனால என்ன பாதிப்பு, என்ன மாத்தணும்னு எழுதிக் கொடுத்தாத்தான் சட்டத்துல ஒரு வரியாவது மாறும். அடுத்த தடவை பட்ஜெட்டுக்கோ மசோதாவுக்கோ கருத்துக் கேட்டா, நாலு வரி எழுதுங்க.

போன் வந்தா என்ன செய்யணும்?

1. யார் நடத்துறாங்க, யாருக்காகன்னு முதல்ல கேளுங்க. பதில் வரலைன்னா வெச்சிடுங்க.
2. பான், ஆதார், வங்கிக் கணக்கு, ஓடிபி கேட்டா அது சர்வே இல்லை. உடனே துண்டிங்க. பணம் போயிருந்தா 1930-க்குக் கூப்பிடுங்க.
3. டிவியில சதவீதம் சொன்னா எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தாங்க, கேள்வி என்னன்னு பாருங்க. லோக்நிதி மாதிரி வாக்காளர் பட்டியல்ல இருந்து ஆளைத் தேர்ந்தெடுத்து நேர்ல கேட்குற சர்வேயும், தானியங்கிக் குரல் சர்வேயும் ஒண்ணு இல்லை.
4. பதில் சொல்றதா இருந்தா, உங்க சொந்தக் கணக்கைப் போட்டுட்டுச் சொல்லுங்க.

உங்க சம்பளத்துக்கு 2024-25 வரி எவ்வளவு, 2025-26 வரி எவ்வளவு? ஃபார்ம் 16 ரெண்டையும் பக்கத்துல வெச்சா பத்து நிமிஷ வேலை. வித்தியாசத்தை மட்டும் கமெண்ட்ல போடுங்க. கணக்கு எங்கேயாவது இடிச்சா கேளுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து போட்டுப் பார்த்துடலாம்.