கேஜ் ஏறின வண்டி ரோட்டுல இறங்கக் கூடாது

மும்பை அணுசக்தி நகர்ல இருந்து பேசுறேன். எனக்குப் பின்னாடி நிக்கிறது 2004 மாடல் மாருதி எஸ்டீம். அப்பா டியூட்டிக்குப் போக, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகன்னு வச்சிருந்த வீட்டு வண்டி. இதைத்தான் கிளப் ரேஸுக்காக முழுசாப் பிரிச்சோம். எதைக் கழற்றணும், எந்த வரிசையில கழற்றணும், கழற்றின இடத்துல என்ன வரணும்னு இன்னைக்குப் பார்த்துடலாம்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. சென்னைக்கு வடக்கே சோழவரத்துல இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு உண்டு. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் பல வருஷம் ரேஸ் நடத்துச்சு. அங்க சீறின ஃபியட்டும் ஹெரால்டும் ஜனங்க வீட்டுக்கு வாங்கின வண்டிதான். அந்த ஃபியட் எங்க செஞ்சது தெரியுமா? நம்ம செம்பூருக்குப் பக்கத்துல, குர்லா பிரீமியர் ஃபேக்டரியில.

அப்புறம் வந்தார் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வச்சே ஒத்தை சீட்டு ரேஸ் வண்டி செஞ்சார். ஃபார்முலா மாருதின்னு பேர். அந்த வண்டியில ஆரம்பிச்ச நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார். கரிவரதன் 1995-ல விமான விபத்துல தவறிட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. கையில இருக்கிற வண்டியை வச்சுத்தான் இந்த விளையாட்டு நம்ம ஊர்ல வேர் பிடிச்சுது.

(திரையில்: விதிப் புத்தகம்)

சரி, வேலைக்கு வருவோம். ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி இந்தியாவுல மோட்டார் ரேஸை நிர்வகிக்கிற எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்போட விதிப் புத்தகத்தை எடுங்க. எந்த கிளாஸ்ல ஓட்டப் போறீங்களோ, அதுல எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது, வண்டி எவ்வளவு எடைக்குக் குறையக் கூடாதுன்னு பாருங்க. படிக்காம வெட்டிப் போட்டுட்டு திரும்ப வெல்டு வைக்கிறது காசுக்கும் கேடு, பாடிக்கும் கேடு.

அடுத்தது பேட்டரி. நெகட்டிவ் ஒயரை முதல்ல கழற்றுங்க. ஏர்பேக் இருக்கிற வண்டின்னா, மேனுவல்ல சொல்ற நேரம் வரைக்கும் காத்திருந்துட்டுத்தான் உள்ள கை வைக்கணும். ஏசி பைப்பை நீங்களே திறக்காதீங்க. உள்ள இருக்கிற ஆர்-134ஏ கேஸ், கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும். ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷின்ல உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்க.

இப்ப சீட்டு, கார்பெட், டோர் பேட், ரூஃப் லைனிங். ஒவ்வொரு பாகத்தோட போல்டையும் தனித்தனி கவர்ல போட்டு, மேல பேர் எழுதி வைங்க. கழற்றினதை எல்லாம் எடை போட்டு நோட்டுல குறிங்க.

(திரையில்: டிரைவர் பக்கத் தரை)

இதை நல்லாப் பாருங்க. கார்பெட்டைத் தூக்கினதும் ஈர நாத்தம் மூக்கைத் துளைச்சுது. அடியில இருந்த பஞ்சு மழைத் தண்ணியைக் குடிச்சுக் கனத்துக் கிடந்துச்சு. பிழிஞ்சா செம்பழுப்புத் தண்ணி. ஸ்க்ரூடிரைவரால தட்டினேன். மத்த இடத்துல டங்குன்னு கேட்டுச்சு, இந்த மூலையில மட்டும் சொத்துன்னு கேட்டுச்சு. அழுத்தினா உள்ள போயிடுச்சு. மும்பை மழையும் கழிமுகத்து உப்புக் காத்தும் சேர்ந்து பார்த்த வேலை. ரோல் கேஜ், அதாவது வண்டி புரண்டா டிரைவரைக் காக்கிற இரும்புக் குழாய்க் கூடு, அதோட கால் நிக்க வேண்டிய இடம் இது. துருவுல நட்ட கேஜ், வண்டி புரண்டா பேப்பர் மாதிரி கிழிஞ்சு வரும். அதனால அந்தத் தகரத்தை வெட்டி எடுத்து புதுத் தகடு வச்ச பிறகுதான் அடுத்த வேலை.

தரையில ஒட்டியிருக்கிற தார் ஷீட்டை எடுக்க டிரை ஐஸ் போதும். மைனஸ் 78 டிகிரி. கனமான கையுறை போட்டு, காத்தோட்டமான இடத்துல பரப்புங்க. தார் விறைச்சதும் சுத்தியலால மெல்லத் தட்டினா ஓடு மாதிரி உதிரும்.

ஒயரிங்கை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீங்க. ஒவ்வொரு ஒயரும் எங்க போகுதுன்னு டேப் ஒட்டி எழுதுங்க. ஃப்யூயல் பம்ப் ஒயரும் ஸ்டீரியோ ஒயரும் ஒரே கட்டுல ஓடும்.

இப்ப கணக்கு. சீட்டுகள் 46 கிலோ, ஏசி 21, ஸ்டெப்னியும் ஜாக்கியும் 15, ஈரக் கார்பெட் 12, தார் 9, மத்த சில்லறை 12. மொத்தம் 115 கிலோ வெளிய போச்சு. சந்தோஷமா இருந்துச்சு. ஆனா ரோல் கேஜ் 35, பக்கெட் சீட்டும் ஆறு முனை பெல்ட்டும் 12, தீயணைப்பான் 4 கிலோ. 51 கிலோ திரும்ப உள்ள வந்தாச்சு. லாபம் 64 கிலோ. அந்த 51 கிலோவுல ஒரு கிராம்கூட குறைக்கக் கூடாது.

ஏன்னா, கழற்றின ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு வேலை பார்த்துட்டு இருந்துச்சு. ரூஃப் லைனிங் தலையைக் காத்துச்சு. கம்பெனி சீட்டும் பெல்ட்டும் ஒண்ணுக்கொண்ணு அளந்து செஞ்ச ஜோடி. அதெல்லாம் போயிட்டா கேஜ், பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், ஹெல்மெட், கழுத்துக் காப்பு அஞ்சும் சேர்ந்தே வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் மத்த நாலும் முழுப் பலன் தராது.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. கேஜ் போட்டுட்டு, திங்கட்கிழமை அதே வண்டியில ஆபீஸுக்கும் போகலாம்னு நினைக்கிறாங்க. உள்ள உட்கார்ந்து காட்டுறேன், பாருங்க. என் தலைக்கும் இந்த இரும்புக் குழாய்க்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்லை. ட்ராக்ல ஹெல்மெட் இருக்கு. சிக்னல்ல பின்னாடி ஒரு டெம்போ வந்து இடிச்சா, வெறும் மண்டை நேரா இரும்புல மோதும். சட்டமும் இதையேதான் சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தின வண்டியை ரோட்டுல ஓட்ட முடியாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு.

அதனால எங்க எஸ்டீம் இனி ட்ரெய்லர்லதான் போகும், இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ செட்டிபாளையம் ட்ராக்குக்கோ. செலவு கூடத்தான். ஆனா அதுதான் சரி. ராத்திரி மும்பைப் பக்கம் பாம் பீச் ரோட்டுல, ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில வேகம் பார்க்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அங்க எதிர்ல வர்றவங்க யாரும் ரேஸுக்குப் பேர் கொடுத்தவங்க இல்லை. ட்ராக்ல மார்ஷல் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, உங்க வேகத்துக்கு இடமும் உண்டு. அங்க வாங்க.