நுரையீரல் தன்னைத் தானே சரிசெய்து கொள்ளுமா?

2019 மார்ச். ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவின் நெடி, பக்கத்துப் பள்ளிகளுக்குள் புகுந்தது. பிள்ளைகள் வாந்தியும் மூச்சுத் திணறலுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். சில நாள்களில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. இப்படி நடந்தால் எந்தப் பெற்றோருக்கும் வரும் கேள்வி: நுரையீரல் பழையபடி ஆகுமா?

பெரும்பாலும் முயன்று பார்க்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் அடிச்செல்கள் இருக்கின்றன. மேலடுக்கு சேதமானால் இவை பெருகி அதைத் திரும்பக் கட்டும். இன்னும் உள்ளே, சுமார் 48 கோடி காற்றுப்பைகளில், ‘இரண்டாம் வகை’ செல்கள். பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு திரவத்தைச் சுரப்பது இவற்றின் அன்றாட வேலை. பக்கத்து மெல்லிய செல் செத்தால், பெருகி அந்தச் செல்லாகவே மாறிவிடும்! இவைதான் முன்னோடிச் செல்கள்.

ஒருநாள் நெடி வேறு, தினசரி சிகரெட் வேறு. 2020இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 16 பேரின் மூச்சுக்குழாய்ச் செல்களைச் சோதித்தார்கள். மரபணு அதிகம் கெடாத செல்கள், புகைப்பவர்களைவிடப் புகையை விட்டவர்களிடம் நான்கு மடங்கு இருந்தன. பல ஆண்டு பிடித்தவர்களிடமும் அப்படித்தான்.

உணவகத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று ஊதும் அண்ணன்மார் கவனிக்க: அந்தத் தூரம் மற்றவர்களுக்குத்தான் உதவும்.

இந்தச் செல்களுக்கும் எல்லை உண்டு. அடி ஓயாமல் விழுந்தால் தழும்புதான் மிஞ்சும். சுவர் உடைந்துபோன காற்றுப்பைகள் திரும்ப வளர்வதில்லை. இருமலோ மூச்சு வாங்குவதோ வாரக்கணக்கில் நீடித்தால், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.